வீடியோ காலில் பேச்சு ஏன் வெட்டுகிறது?

போன தீபாவளி விடுமுறையில் ஏழாயிரம்பண்ணையில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தேன். அப்பா லேப்டாப்பில் வீடியோ கால் மூலம் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். நடுவில் பேச்சு வெட்டியதால் எங்களுக்குக் கேட்டது "நிறுத்…ங்க" மட்டுமே. அப்பா அதை "நிறுத்துங்க" என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். சந்தேகப்பட்டு நான் மறுபடி கேட்டதால் தப்பித்தோம்.

இப்படி நடந்தால் முதலில் பிராட்பேண்ட் கம்பெனியைத்தான் திட்டுவோம். ஆனால் இந்த முறை காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பட்டாசு ஆலைக்கு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்த தம்பி, கல்யாண வீடியோவைத் தன் லேப்டாப்பிலிருந்து அடுத்த அறைக் கம்ப்யூட்டருக்கு வை-ஃபை மூலம் காப்பி செய்துகொண்டிருந்தான். அந்த டேட்டா வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. பின் எப்படி அப்பாவின் பேச்சு தடைபட்டது?

காற்று ஒன்று, பேசுவோர் பலர்

ரூட்டரும் அதனுடன் இணைந்த கருவிகளும் ஒரே சேனலைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் அனுப்பினால் இரண்டு பாக்கெட்டும் கெட்டுப்போகலாம். எனவே யார் எப்போது அனுப்பலாம் என்பதற்கு ஒரு விதிமுறை வேண்டும். அதன் பெயர் மீடியம் அக்சஸ் கன்ட்ரோல், சுருக்கமாக மேக். செட்டிங்ஸில் நீங்கள் பார்த்திருக்கும் 'மேக் அட்ரஸ்' என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

1997ல் வெளிவந்த 802.11 தரத்தின் அடிப்படை விதி இதுதான்:

1. அனுப்பும் முன் காற்றில் வேறு யாராவது அனுப்புகிறார்களா என்று கவனி.
2. யாரும் இல்லையென்றால் சிறிது இடைவெளி விடு. பிறகு குலுக்கலில் ஓர் எண்ணை எடுத்து, அத்தனை நேரத் துண்டுகள் காத்திரு.
3. அனுப்பு. 'கிடைத்தது' என்ற பதில் வர வேண்டும்.
4. பதில் வராவிட்டால், முன்னதைவிடப் பெரிய எல்லைக்குள் ஓர் எண் எடுத்து மறுபடி முயற்சி செய்.

தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் போதும் என்பவரும், தொட்டியை நிரப்பக் குடம் குடமாகப் பிடிப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நியாயமானதுதான். ஆனால் தாகம் எடுத்தவருக்கு அது உதவாது.

குரல் பாக்கெட்டுகள் அந்தச் செம்பைப் போலச் சிறியவை. இன்டர்நெட் பேச்சில் பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒன்று, அதாவது செகண்டுக்கு 50 பாக்கெட்டுகள் போகும். பேச்சு இயல்பாக இருக்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது. தாமதமாக வரும் குரல் பாக்கெட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வீடியோ ஃபைல் காப்பி ஆக அரை செகண்ட் தாமதமானால் யாருக்கும் தெரியாது. ஆகவே பேச்சுக்கு வேண்டியது அதிக ஸ்பீடு அல்ல. நேரத்துக்குக் கிடைக்கும் முறை.

நான்கு வரிசைகள்

இதற்கான தீர்வு 2005ல் 802.11இ என்ற தரமாக வந்தது. அதன் முக்கியப் பகுதியை வை-ஃபை அலையன்ஸ் 2004லேயே டபிள்யூ.எம்.எம். என்ற பெயரில் சோதித்துச் சான்று தரத் தொடங்கியிருந்தது. இதில் குரல், வீடியோ, சாதாரண டேட்டா, பின்னணி வேலை என நான்கு வரிசைகள் உண்டு.

தந்திரம் எளிது. கம்ப்யூட்டர் போன்ற கருவிகளில் குரல் பாக்கெட் 0 முதல் 3 வரையே குலுக்குகிறது. வீடியோ 0 முதல் 7 வரை, சாதாரண டேட்டா 0 முதல் 15 வரை. இன்றைய வை-ஃபையில் ஒரு நேரத் துண்டு 9 மைக்ரோ செகண்ட். எனவே முதல் முயற்சியில் குரல் அதிகபட்சம் 27 மைக்ரோ செகண்டும், சாதாரண டேட்டா 135 மைக்ரோ செகண்ட் வரையும் காத்திருக்கும். இது உத்தரவாதம் அல்ல. ஆனாலும் பெரும்பாலும் செம்புக்காரரே முந்துவார்.

தேனியில் விதியையே மாற்றினார்கள்

அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி வட்டாரக் கிராமப்புறக் கண் சிகிச்சை மையங்களை நீண்ட தூர வை-ஃபை மூலம் தன் தேனி மருத்துவமனையோடு இணைத்தது. நோயாளி ஊரிலேயே இருந்தபடி டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் இதில் பங்கேற்றார்கள்.

வீட்டுக்காக உருவான விதி இத்தகைய தூரத்துக்குப் பொருந்தாது. ரேடியோ அலை 20 கிலோமீட்டர் போய்த் திரும்பவே சுமார் 133 மைக்ரோ செகண்ட் ஆகும். 'கிடைத்தது' என்ற பதில் வருவதற்குள், போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டிக் கருவி மீண்டும் அனுப்பிவிடும். எனவே ஆய்வாளர்கள் குலுக்கலைக் கைவிட்டு, இவ்வளவு நேரம் இந்த முனை, அடுத்து அந்த முனை என்று நேரத்தைப் பங்கிட்டார்கள். வைல்ட்நெட் என்ற இந்த முறையை 2007ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாதாரண வை-ஃபை கார்டுகளே இதற்குப் போதுமானதாக இருந்தன.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

* பேசும் கம்ப்யூட்டரை நெட்வொர்க் கேபிளால் ரூட்டரில் இணைத்துப் பாருங்கள். வெட்டுவது நின்றால் குறை வை-ஃபையில். நிற்காவிட்டால் பிராட்பேண்ட் இணைப்பைச் சோதியுங்கள். அங்கே நெரிசல் என்றால் டபிள்யூ.எம்.எம். உதவாது.
* ரூட்டரின் வயர்லெஸ் செட்டிங்ஸில் டபிள்யூ.எம்.எம். செயல்பாட்டில் உள்ளதா என்று பாருங்கள். அணைத்து வைத்தால் 802.11என் ரூட்டரின் வேகமும் 54 மெகாபிட்டுக்குள் சுருங்கிவிடும். குரல் பாக்கெட்டுக்கு உரிய அடையாளத்தைச் சாஃப்ட்வேர் போட்டால்தான் முன்னுரிமை கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.
* பெரிய ஃபைல்களைக் கேபிள் மூலம் காப்பி செய்யுங்கள்.
* ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால், பேசும் கருவியை அதில் இணையுங்கள்.

எங்கள் பழைய ரூட்டரில் டபிள்யூ.எம்.எம். அணைந்திருந்தது. அதைப் போட்டேன். தம்பியின் கம்ப்யூட்டர் இரண்டையும் கேபிளுக்கு மாற்றினேன். பேச்சு இப்போது தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னால், "தொடர்ந்து சாப்பிடணும், சரிதானே?" என்று அப்பா ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொள்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.