நெஞ்செரிச்சலும் உணவு ஒழுங்கும்

சென்ற மாதம் கவரைப்பேட்டைப் பக்கத்து நெசவாளர் சங்கமொன்றில் நாம் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூலி பெற வந்த அங்கத்தினர் ஒருவர் நெஞ்சைத் தடவியபடி சோடா அருந்தினார். “வெறும் வாய்வுதான் ஐயா, ஆறு மாதமாக இருக்கிறது” என்றார். சோறு விழுங்கும்போது நெஞ்சில் தடைபடுவதையும் பின்னர் மெல்லச் சொன்னார். உடனே அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். கடனில் ஒரு தவணை தவறினால் விழித்துக்கொள்ளும் நாம், உடல் அனுப்பும் அறிவிப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது முறையாகுமா?

நோயின் காரணம்

உணவு செரிப்பதற்காக இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அதன் கடுமையைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு; உணவுக் குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் உள்ளது. மதகுப் பலகை போன்ற அது, உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். அது தளர்ந்தாலும், வயிற்றில் அழுத்தம் மிகுந்தாலும் அமிலம் மேலேறும். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அதனால் வருவனவே.

நம் தொழில்களில் இதற்கு இடம் அதிகம். நெசவாளர் வயிறு நிறைய உண்டவுடன் தறிக்குழியில் இறங்கிப் படைமரத்தின்மேல் சாய்கிறார். விவசாயி உண்ட கையோடு குனிந்து களை எடுக்கிறார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடியலில் வந்து உண்டு, உடனே படுக்கின்றனர்.

கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்

1. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாமல், அளவாகப் பிரித்து உண்க.

2. உண்டபின் சிறிது நேரம் நிமிர்ந்திருந்து செய்யும் வேலைகளைப் பார்க்க. குனியும் வேலையைப் பின்னுக்குத் தள்ளுக. இடுப்பில் வேட்டியையும் பாவாடை நாடாவையும் இறுக்கிக் கட்டற்க.

3. உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். இரவு வேலை பார்ப்போருக்கும் இதுவே விதி.

4. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கற்களை அசையாமல் வைத்து, சுமார் 6 அங்குலம் உயர்த்துக. தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் நலம்.

5. புகையிலையையும் மதுவையும் விலக்குக; அவை தசை வளையத்தைத் தளர்த்தும். எண்ணெய்ப் பலகாரம், மிகுந்த காரம், காப்பி, தேநீர் ஆகியவற்றில் எது தமக்கு ஒவ்வவில்லை என்பதைக் கவனித்துக் குறைக்க.

6. உடற்பருமன் மிக்கவர் எடையைக் குறைத்தால் வயிற்றின் அழுத்தமும் குறையும்.

சோடாவில் உள்ள வாயு வயிற்றை உப்பச் செய்யுமேயன்றி நோயைத் தீர்க்காது. முதுகுவலிக்கு மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் வலி மாத்திரைகள் பலவும் இரைப்பையைப் புண்ணாக்க வல்லன.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

வாரத்தில் இரு முறைக்கு மேல் எரிச்சல் வந்தால் மருத்துவரைக் காண்க. விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலும், அது மாரடைப்பாக இருக்கலாம். வாய்வென்று எண்ணிச் சோடா தேடாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

அங்கத்தினர் சிந்திக்க: நேற்றிரவு நாம் உண்டது எத்தனை மணிக்கு? படுத்தது எத்தனை மணிக்கு? இவ்விரண்டையும் ஒரு வாரம் குறித்து வந்தால், நம் உடலின் வரவுசெலவு நமக்கே விளங்கும்.