காதலிக்க நேரமில்லை: நிறையும் குறையும்

ரயில்வேயில் பாலங்களைச் சோதித்துப் பழகியவன் நான். பலம், விரிசல் இரண்டையும் எழுதினால்தான் அறிக்கை. ரேணிகுண்டா வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பார்த்தபோதும் அப்படியே எழுதத் தோன்றியது.

நிறை: அக்காலப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை தனித் தண்டவாளத்தில் ஓடும். இதில் அதுவே கதை. பணக்காரச் சம்பந்தம் விரும்பும் பாலையாவை ஏமாற்ற, முத்துராமன் தன் நண்பன் ரவிச்சந்திரனுக்கே தந்தையாக வேடமிடுகிறார். நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியில், பாலையா கேட்கும் விதமே பாதிச் சிரிப்பு. தெலுங்கில் படிக்கும் என் பேரன் பல சொற்கள் புரியாமலே சிரித்தான். 1965-ல் தெலுங்கிலும், 1966-ல் இந்தியிலும் இக்கதை எடுக்கப்பட்டதில் வியப்பில்லை.

குறை: பெண்ணைச் சீண்டுவதே காதலின் முதல் படியாகிறது. “அந்த அக்காதான் கோபமா இருக்காங்களே, ஏன் தாத்தா விடாம பாடறாரு?” என்றாள் பேத்தி. இளவயதில் அதே காட்சிக்குக் கைதட்டியவன் நான். பதில் வரவில்லை.

ஆகவே பெற்றோரே, படத்தை மறைக்காதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள், நடுவே நிறுத்திப் பேசுங்கள்.

பயிற்சி:
1. பாலையா பேசாமலே சிரிக்க வைக்கும் இரண்டு இடங்களைக் கூறுக.
2. அந்த அக்காவின் இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்வாய்? தமிழில் ஐந்து வரி எழுதுக.