இல்லத்தில் பூனைக்குட்டிகள்: அவை தரும் இன்பமும் துன்பமும்

கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் பூனை இல்லாத லயத்தைக் காண்பது அரிது. பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் ஆகிய வட்டாரங்களில் எந்தத் தோட்டத்திற்குச் சென்றாலும் விறகு அடுக்கின் மேலோ, அரிசி மூட்டையின் அருகிலோ ஒரு பூனை கண்மூடிக் கிடக்கக் காணலாம். எலித்தொல்லையைப் போக்கவே அது வீட்டிற்குள் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் குட்டி ஈன்ற நாள் முதல் அக்குடும்பத்தின் கவலைகளில் ஒரு பங்கு அதற்கும் உரியதாகிவிடுகிறது.

தமிழர்க்குப் பூனை புதிய உறவன்று. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைப் பெயரைக் 'குட்டி' என்றே வகுத்துரைக்கிறது. இன்றும் நாம் அச்சொல்லையே வழங்கி வருகிறோம். அதே வேளையில், பூனை குறுக்கிட்டால் போகும் காரியம் கைகூடாது என்று திரும்பி வருவோரும் நம்மிடையே உண்டு. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்று நம் முன்னோர் நகைத்தது இத்தகையோரை எண்ணித்தான் போலும்! சாரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் எலிகள் பெருகியபோது, 1960ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரச விமானப்படையினர் பூனைகளைக் கூடைகளில் இட்டு வான்குடை மூலம் இறக்கினர். அங்கே பூனையின் வரவை அபசகுனம் என்று எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். ஈனும் நாள் நெருங்கியதும் அது இருளும் ஒதுக்கமும் உள்ள இடத்தைத் தேடும். எங்கள் இல்லத்துப் பூனை, பழந்துணிகள் இட்டு வைத்த பலகைப் பெட்டியைத் தெரிந்துகொண்டது. ஓர் அடைமழை இரவில் ஐந்து குட்டிகளை ஈன்றது. பிறந்த குட்டி ஏறக்குறைய நூறு கிராம் எடையே இருக்கும். கண் திறவாது, காது கேளாது, தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆயினும் மணத்தைக் கொண்டே தாயின் மடியை அது கண்டடைகிறது. மேலும் வியப்பளிப்பது, பிறந்த சில நாட்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் தத்தமக்கென ஒரு காம்பைத் தெரிந்துகொண்டு அதனையே நாடுவதாகும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதனைக் கண்டறிந்து, பள்ளியில் இடம் பிடிப்பது போல இருக்கிறதென்று சொல்லிச் சிரித்தனர்.

ஐந்தில் ஒன்று இரண்டாம் நாளே இறந்தது. அது பிறக்கும்போதே நலிந்திருந்தது. பிள்ளைகள் அதனைக் கொய்யா மரத்தடியில் புதைத்தனர். மனிதர் தொட்டதனால்தான் தாய் அதனை ஒதுக்கியதென்று அண்டை வீட்டார் கூறினர். அது பொருந்தாத கூற்று. மனிதர் கை பட்டதற்காகத் தாய்ப்பூனை குட்டியைக் கைவிடுவது வழக்கமன்று. எனினும், கூட்டம் கூடி நின்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பது தாயை அச்சுறுத்தும். அஞ்சிய தாய் குட்டிகளைக் கழுத்துப் பிடரியில் கவ்விக்கொண்டு வேறிடம் தேடும். பூனை தன் குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்று பெரியோர் கூறுவதன் காரணம் இதுவே. ஆண் பூனைகள் சில வேளைகளில் குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டாதலின், தாயின் அச்சத்தைப் பொருளற்றதென்று தள்ள இயலாது.

ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள் குட்டிகள் கண் விழிக்கும். அப்பொழுது எல்லாக் குட்டிகளின் கண்களும் நீல நிறமே. உரிய நிறம் பின்னரே அமையும். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும், பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். எங்கள் குட்டிகளுள் ஒன்றின் வால் நுனி கொக்கி போல் மடிந்திருந்தது. யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டதாகப் பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினர். மலாய்த் தீவுக்கூட்டத்துப் பூனைகளின் குட்டை வாலைப் பற்றிச் சார்ல்ஸ் டார்வினும் தம் நூலில் குறித்துள்ளார். குட்டை வாலும் மடிந்த வாலும் இப்பகுதிப் பூனைகளுக்கு வழிவழியாக வருபவை. இதனை அறிந்த பின்னரே வீட்டில் அமைதி நிலவிற்று.

மூன்றாம் வாரத்தின் முடிவில் துன்பம் வேறு வடிவில் வந்தது. தாய்ப்பூனை ஒரு மாலைப் பொழுதில் வெளியே சென்றது, திரும்பவில்லை. ஒரு பண்டக அறைக்குள் அது அடைபட்டுக் கிடந்த செய்தி மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அந்த இரண்டு இரவுகளும் நான்கு குட்டிகளும் ஓயாது கத்தின. நாங்கள் செய்தது என்ன? தேநீருக்கு வைத்திருந்த டின் பாலை வெந்நீரில் கரைத்துக் கரண்டியால் புகட்டினோம். மறுநாளே குட்டிகள் நீராய்க் கழியத் தொடங்கின.

டின் பாலில் சர்க்கரை மிகுதி. பசுவின் பாலிலோ, பூனைக்குட்டியின் வயிற்றால் செரிக்க இயலாத பாற்சர்க்கரை மிகுந்தும் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் குறைந்தும் உள்ளன. தாயற்ற குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவு சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற நகரங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்குரிய கடைகளில் விற்கப்படுகிறது. அதனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசியில்லாத பீச்சுகுழல் கொண்டு துளித்துளியாகப் புகட்டுதல் வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஆதலின் குட்டி தாயின் மடியில் கிடப்பது போலக் குப்புறக் கிடத்தியே ஊட்டுதல் வேண்டும். குளிர்ந்து விறைத்த குட்டிக்கு முதலில் தேவை சூடு, பால் அன்று. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடல் வெம்மை பெற்ற பின்னரே ஊட்டலாம். மூன்று வாரம் நிரம்பாத குட்டிகள் தாமாகச் சிறுநீரும் மலமும் கழிக்க மாட்டா. தாய் நக்கிவிடுவதற்கு ஈடாக, ஈரத்துணியால் மெல்லத் துடைத்துத் தூண்டிவிடுதல் வேண்டும்.

முதல் வாரத்துக் குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் ஊட்ட வேண்டும். மூன்று வாரத்துக் குட்டிக்கும் நான்கு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி கூடாது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்களம் சென்று, பால்மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குப் பின் வீடு திரும்பும் குடும்பத்தில் இதனைச் செய்வது யார்? எங்கள் வீட்டில் பாட்டி செய்தார். பாட்டி இல்லாத வீடுகளில், குட்டி ஈன்ற மற்றொரு பூனையை அண்டை அயலில் தேடுவதே தக்க வழி. பால் சுரக்கும் பூனைகளுட் பல, பிறர் குட்டியையும் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையன.

தாய் திரும்பி வந்த பின்பு இரண்டு வாரங்கள் இன்பமாகவே கழிந்தன. நான்காம் வாரம் முதல் குட்டிகளுக்கு மசித்த மீனும் சோறும் சிறிது சிறிதாகப் பழக்கினோம். உப்பு மிகுந்த கருவாடும் நெத்திலியும் ஆகா. இவ்வயதிற்றான் தாய் எலியைக் கொன்று கொணர்ந்து குட்டிகள் முன் இடுகிறது. பின்னர் உயிருடன் கொணர்ந்து வேட்டை பயிற்றுகிறது. நடுக்கூடத்தில் நடைபெறும் இப்பாடத்தை இல்லத்தரசிகள் பெரிதும் விரும்புவதில்லை!

ஏழாம் வாரத்தில் ஒரு குட்டிக்குச் சளி பிடித்து உடல் கொதித்தது. மனிதர்க்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் கால் பங்கைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். அன்பினால் செய்த காரியம் அது. மாலைக்குள் அதன் ஈறுகள் பழுப்பு நிறமாயின, முகம் வீங்கிற்று, மூச்சு இரைத்தது. விடியும் முன்னரே அது இறந்துபோயிற்று. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. வளர்ந்த பூனையைக் கொல்வதற்கும் ஒரு மாத்திரை போதும். இதனைப் பின்னர் ஒரு கால்நடை மருத்துவர் வாயிலாக அறிந்தோம். மருந்து கொடுத்தவர் இன்றளவும் அதனை மறந்தாரில்லை. இக்கட்டுரையை எழுத முற்பட்டதற்கு அம்மரணமே காரணம்.

தோட்டத்து வீடுகளில் வேறு நஞ்சுகளும் உண்டு. எலிப்பாடாணம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் மடியக்கூடும். ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் திராவகம் சிந்திய தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். பாரக்குவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி ஏதேனும் மூலையில் கிடந்தால் அது மனிதர்க்கும் எமனே. தெள்ளுப்பூச்சியை ஒழிக்க மண்ணெண்ணெய் பூசுவதும், நாய்க்குரிய மருந்தைத் தடவுவதும் குட்டியையே ஒழித்துவிடும். தெள்ளு மிகுந்த குட்டி இரத்தம் குறைந்து சோர்ந்துவிடுமாதலால், சிறுபல் சீப்பினால் நாள்தோறும் வாரிச் சவர்க்கார நீரில் அமிழ்த்துவது தீங்கற்ற முறை.

பூனைக்குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக அது ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். அந்நோய்க் கிருமி வீட்டுத் தரையில் ஓராண்டுவரை அழியாதிருக்க வல்லது. ஆகவே, அவ்வாறு குட்டி இறந்த வீட்டிற்கு உடனே மற்றொரு குட்டியைக் கொணர்வது அதனையும் பலியிடுவதாகும். ஆறு அல்லது எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும் தடுப்பூசி இதனைத் தடுக்கும்.

வெறிநோய் பற்றியும் கெடா மக்கள் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் நாய்களிடையே அந்நோய் காணப்பட்டது. நோயுற்ற நாய் கடித்த பூனையும் அதனைப் பெறும், பிறர்க்கும் தரும். பூனை கடித்தாலும் பிறாண்டிக் குருதி வந்தாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருந்தகம் செல்லுதல் வேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருத்தல் கூடாது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

வீட்டில் பெண்ணொருத்தி கருவுற்றவுடன் பூனையைத் துரத்துமாறு மாமியார் கூறுவதுண்டு. அவ்வச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பூனையின் மலம் வாயிலாகப் பரவும் ஒரு நுண்ணுயிர் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடும். ஆனால் அம்மலம் ஒரு நாளேனும் கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. எனவே வேறொருவர் நாள்தோறும் அதனை அகற்றுவதும், கருவுற்றவர் அதனைத் தொடாதிருப்பதும், இறைச்சியை நன்கு வேகவைத்து உண்பதும் போதும். பூனையைச் சாக்கில் கட்டிச் செம்பனைக் காட்டில் விட வேண்டியதில்லை.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சுங்கை பட்டாணி அடுக்குமாடிகளுக்குக் குடிபெயரும்போது, கட்டிலும் அலமாரியும் லோரியில் ஏறுகின்றன; பூனை வெறிச்சோடிய லயத்தில் நின்றுவிடுகிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 முதல் நடப்பில் உள்ளது. பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டிற்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினையுறக்கூடும். ஆதலின் காலத்தே கருத்தடை செய்துவிட்டால், கொண்டுவிட இடமின்றித் தவிக்கும் நிலை பெரிதும் நீங்கும்.

எங்கள் குட்டிகளில் எஞ்சியவை மூன்று. பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த மாக் சிக் ஒருவர் இரண்டைப் பெற்றுக்கொண்டார். இசுலாமிய மரபில் பூனை தூய பிராணியாகக் கருதப்படுவதால் அவர் வீட்டில் அவற்றிற்குக் கூடம் வரை உரிமை உண்டு. அவற்றைப் பார்க்கச் சென்ற எம் பிள்ளைகள் கொழுக்கட்டை கொண்டு போனார்கள். கூவே வாங்கி வந்தார்கள். தாய்ப்பூனை மூன்று நாட்கள் பெட்டியைச் சுற்றி வந்து அழைத்தது. நான்காம் நாள் அழைப்பதை நிறுத்திவிட்டது. வால் மடிந்தது மட்டும் எங்களிடம் இருக்கிறது. பாட்டியின் மடியை விட்டு அது இறங்குவதே இல்லை. எலி பிடிக்கும் வேலையை இப்போதும் தாய்தான் பார்த்துவருகிறது.