பந்தயமில்லா ஓட்டம்

ஓட்டம் என்னுஞ் சொல் 'ஓடு' என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல். பந்தயம் என்பதோ, வெல்வார்க்குரியதென முன்னரே குறித்து வைக்கப்படும் பணயப் பொருளைச் சுட்டுவது. இவ்விரண்டும் இணைந்து 'ஓட்டப்பந்தயம்' என நம் நாவில் ஒரு சொல்லாய் நிலைத்துவிட்டன. அதனால், ஓட்டம் என்றாலே ஒருவர் வெல்லவும் பலர் தோற்கவும் அமைந்ததோர் ஏற்பாடு என்று எண்ணப் பழகிவிட்டோம். பந்தயத்தை நீக்கிய பின்னரும் ஓட்டம் எஞ்சி நிற்குமா? நிற்குமாயின் அதில் ஓடுவார் யாவர்? இவ்விரு வினாக்களையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. வைகையணையைச் சார்ந்த ஆண்டிபட்டி, தேனிப் பகுதிகளிலும், தென்மேற்கே உத்தமபாளையம், கம்பம் என நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கிலும் விடியற்காலையில் ஓடும் இளைஞரைக் காணலாம். அவருட் பலர் காவற்றுறைக்கோ படைக்கோ ஆளெடுக்கும் தேர்வுகளுக்காகத் தம்மை ஆயத்தஞ் செய்வோர். காவலர் தேர்வில் ஆடவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தல் வேண்டும். அவர்தம் ஓட்டத்திற்கு அத்தேர்வே பந்தயம். தேறினாலுஞ் சரி, தவறினாலுஞ் சரி, அந்நாளோடு பெரும்பாலார் ஓட்டமும் நின்றுபோகின்றது. அதே விடியற்பொழுதில் மற்றொரு கூட்டத்தார், பெண்களே மிகுதியாக, ஜீப்புகளில் ஏறி மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். பள்ளி விளையாட்டு விழாவோடு அவர்கள் ஓடுவதை விட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்கும். ஆகவே ஓட்டம் ஒரு பருவத்தார்க்கு, ஒரு பயன் கருதி, ஒரு சில திங்களுக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிக் கிடக்கின்றது. அதனை எல்லார்க்கும் பொதுவாக்க இயலுமா என்பதே நம்முன் நிற்கும் வினா.

தொழிலாகக் கொள்ளாது, விருப்பம் ஒன்றே காரணமாக ஒரு கலையிலோ விளையாட்டிலோ ஈடுபடுவாரை 'அமெச்சூர்' என்பர். இச்சொல் அன்பு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதனை நாம் 'ஆர்வலர்' என்று மொழிபெயர்த்து வழங்குகின்றோம். இம்மொழிபெயர்ப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைப் பழந்தமிழ் பயில்வார் எளிதில் உணர்வர். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் ஆர்வலர் என்னுஞ் சொல் அன்புடையார் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. இரு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தமை காண்க.

ஆயினும் அச்சொல்லின் வரலாறு அதன் பொருளைப் போல் இனிமையானதன்று. 1860களில் இங்கிலாந்தில் ஓட்டப் போட்டிகளை வகுத்த கனவான்கள், பணத்திற்காக ஓடுவோரை விலக்கியதோடு அமைந்தாரல்லர். கைத்தொழிலாளரும் கூலி வேலை செய்வாரும் ஆர்வலராகார் என்றும் விதித்தனர். உடலுழைப்பால் உரம் பெற்றவன் ஓடுங்கால் கனவானுக்குச் சமநிலை இல்லை என்பது அவர் கூறிய காரணம். தம்மினும் தாழ்ந்தவராகக் கருதியவரோடு ஒரே கோட்டில் நிற்க நாணினர் என்பதே உண்மைக் காரணமென யாம் கருதுகின்றோம். 1880ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரில் ஆர்வலர் தடகளச் சங்கம் தோன்றியபொழுதுதான் தொழிலாளரை விலக்கும் அவ்விதி கைவிடப்பட்டது.

பணம் பற்றிய விதி மட்டும் நெடுங்காலம் நின்றது. அதன் கொடுமைக்கு ஜிம் தார்ப் என்பாரின் வரலாறு சான்றாகும். அமெரிக்கப் பழங்குடியினராகிய இவர் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் இரண்டு பொற்பதக்கங்களைப் பெற்றார். முன்னொருகால் சிறு தொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக 1913இல் அவை பறிக்கப்பட்டன. 1953இல் அவர் மறைந்தார். 1982இல்தான் அவர் பெயர் வெற்றியாளர் வரிசையில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அவரே தனி வெற்றியாளர் என்பது 2022இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுபுறம் நோக்குக: 1896இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் வென்ற ஸ்பிரிடான் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த கிரேக்கர். உழைப்பாளிக்கும் ஓட்டத்திற்கும் உறவில்லை என்று கூறியோர்க்கு அவர் ஓட்டமே தக்க விடை.

நிற்க. பந்தயமும் இன்றி, விலக்கும் இன்றி ஓட்டம் நிகழ இயலும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உளது. 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், இலண்டன் மாநகரின் ஒரு பகுதியான டெடிங்டனிலுள்ள புஷி பூங்காவில் 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினர். ஐவர் உதவிக்கு நின்றனர். இதனைத் தொடங்கியவர் பால் சின்டன்-ஹெவிட் என்பார். அவர் காயமுற்று ஓட இயலாதிருந்த காலம் அது. நண்பரைப் பிரியாதிருக்க விரும்பி, அவர்கள் ஓடத் தாம் நேரங் குறித்தார். அடுத்த வாரமும் கூடினர். அதற்கடுத்த வாரமும் கூடினர். இவ்வாறு தோன்றியதே 'பார்க்ரன்' என்னும் வாராந்தர ஓட்டம். இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது நிகழ்கின்றது. தமிழர் வாழும் சிங்கப்பூரில் 2014இல் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும், மலேசியாவில் 2018இல் கோலாலம்பூரிலும் தொடங்கியது. நம் தமிழகத்திலும் 2006இல் தோன்றிய 'சென்னை ரன்னர்ஸ்' என்னும் குழு, நகரின் பகுதிதோறும் கிளை பரப்பி, ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதாரை விடியலில் ஒன்று கூட்டி வருகின்றது.

புஷி பூங்காவில் முளைத்த அவ்வோட்டம் இவ்வளவு பரவியமைக்கு நான்கு காரணங்களை யாம் காண்கின்றோம்.

முதலாவது, அதற்குக் கட்டணம் இல்லை. 2016இல் இங்கிலாந்தின் ஸ்டோக் கிஃபோர்டு என்னும் ஊராட்சி, பூங்காப் பாதை தேய்கின்றதெனக் கூறிக் கட்டணம் கேட்டபொழுது, அவ்வியக்கத்தார் பணம் வாங்கி நடத்துவதினும் அவ்விடத்தில் நிறுத்துவதே மேலென நிறுத்தினர். இரண்டாவது, அது வாரந்தோறும் தவறாது ஒரே இடத்தில் ஒரே வேளையில் நிகழ்வது. ஆண்டுக்கொருமுறை வரும் விழா கண்டு களிப்பதற்காவது. வாரந்தோறும் வருவது வழக்கமாகிவிடும். மூன்றாவது, அதனை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர். இன்று ஓடுபவர் அடுத்த வாரம் நேரங் குறிப்பார். நான்காவது யாம் பெரிதும் வியப்பது: கூட்டத்தின் கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் நியமிக்கப்படுகின்றார். அவருக்குப் பின் வருவார் எவரும் இலர். ஆதலின் மெல்ல நடந்து வரும் முதியவரும் கடைசியர் ஆவதில்லை. கடைநிலை என்னும் இழிவை ஒருவர் விரும்பி ஏற்றுப் பிறர்மேல் விழாது காக்கின்றார். 2024இல் அவ்வியக்கத்தார் தம் இணையப் பக்கங்களினின்று வேகச் சாதனைப் பட்டியல்களையும் நீக்கினர். முதலில் வருவோரைப் பாராட்டும் ஆரவாரம், மெல்ல வருவோரை அஞ்சி விலகச் செய்தலாகாது என்பது அவர் கருத்து.

அங்ஙனமாயின் நேரங் குறிப்பது எதற்கு என்று ஒருவர் வினவலாம். இதற்கு நம் வைகையணையே விடை பகரும். 1959இல், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நாடோறும் இம்மட்டத்தை நம் உழவர் செய்தித்தாளில் ஆர்வத்தோடு நோக்குகின்றனர். மேட்டூரணையின் மட்டத்தோடு ஒப்பிட்டு, 'அதனிடம் தோற்றோம்' என்று எவரும் வருந்துவதில்லை. சென்ற வாரம் எத்துணை, இவ்வாரம் எத்துணை என்றே நோக்குகின்றனர். ஆர்வலரின் ஓட்ட நேரமும் அத்தகையதே. 42 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் கடந்தவர் அடுத்த திங்களில் 40 நிமிடத்தில் கடப்பாராயின், அவ்விரண்டு நிமிடம் அவர்தம் நீர்மட்டம் உயர்ந்தமைக்கு அடையாளம். கோடையில் அணை வற்றுவது போல நோயினாலும் வேலை மிகுதியாலும் அது தாழ்தலும் உண்டு. அதனால் இகழ்ச்சி இல்லை.

இத்தகைய ஓட்டத்தை இப்பக்கத்தில் நடத்த வேண்டுவன யாவை? முதலில் வழி. அணையடியிலுள்ள பூங்கா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது. மிகுநீர் திறந்துவிடும் நாள்களில் கரைகளை இணைக்கும் தரைப்பாலத்திற் செல்லலாகாது. ஆகவே ஒரு கரையிலேயே வண்டிப் போக்குவரத்துக் குறைந்த வழியைத் தேர்ந்து, அதற்குரிய துறையினரிடம் இசைவு பெறுதல் நலம். 2.5 கிலோமீட்டர் சென்று அவ்வழியே திரும்பினால் 5 கிலோமீட்டர் ஆகும். தொடக்கமும் முடிவும் ஓரிடமாதலின் தொண்டர் சிலரே போதும். தூரத்தை அளக்க மிதிவண்டிச் சக்கரமே கருவி. சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒரு சுற்றில் அது கடக்கும் நீளத்தை அளந்துகொள்க. அது 2.1 மீட்டராயின், 1,190 சுற்றுகளில் 2.5 கிலோமீட்டர் ஏறக்குறைய முற்றுப்பெறும்.

அடுத்து நேரங் குறிக்கும் முறை. ஓடி வருவோர் கோட்டைக் கடக்குந்தோறும் ஒரு தொண்டர் கடிகாரத்தைப் பார்த்து 1, 2, 3 என வரிசையாக நேரத்தை மட்டும் எழுதுவார். பெயரை அவர் நோக்க வேண்டுவதில்லை. மற்றொருவர் அதே வரிசையில் எண்ணிட்ட அட்டைகளைக் கொடுப்பார். மூன்றாமவர் அட்டையைத் திரும்பப் பெற்று, எண்ணுக்கு நேரே பெயரை எழுதுவார். இரு ஏடுகளையும் ஒப்பு நோக்கின் ஒவ்வொருவர் நேரமும் தெளிவாகும். திருப்பத்தில் ஒருவர், கடைசியில் நடப்பவர் ஒருவர். ஆக ஐவர், 50 அட்டைகள், ஒரு கடிகாரம், இரண்டு குறிப்பேடுகள்: இவையே முழுச் செலவு.

இனித் தடைகளை நோக்குவோம். நாள் முழுதும் உழைக்கும் தொழிலாளிக்கு ஓட்டம் எதற்கு என்பர் சிலர். இவர் நல்லெண்ணத்தால் இங்ஙனம் கூறினும், 1860களின் கனவான்கள் இட்ட வேலியையே தம்மை அறியாது மீண்டும் இடுகின்றனர். உழைப்பு பிறர் குறித்த வேளையில், பிறர் குறித்த அளவில் நிகழ்வது. ஓட்டமோ தனக்கெனத் தான் செய்வது. இவ்வேறுபாட்டை நுகரும் உரிமை கூலியாளுக்கு இல்லையெனக் கூற நாம் யார்? வருவதும் வாராமையும் அவர் விருப்பம். வாயிலைத் திறந்து வைத்தல் நம் கடன்.

அவ்வாயில் மெய்யாகவே திறந்துள்ளதா என்பதை நாளும் வேளையுமே காட்டும். சனிக்கிழமை ஆங்கில நாட்டார் பலர்க்கு ஓய்வுநாள். நம் தோட்டத் தொழிலாளர் பலர்க்கோ வேலைநாள். ஆதலின் இங்கு ஞாயிறே தக்கது. நன்றாய் வெளுத்த பின் 6.15 மணிக்குத் தொடங்கின், நடந்து வருவாரும் 7.30 மணிக்குள் முடிப்பர்; ஆலயத்திற்குச் செல்வார் ஆராதனைக்கு முன் வீடு திரும்பலாம். இருளில் தொடங்கும் ஓட்டத்திற்குப் பெண்கள் வாரார். தனியே சாலையில் ஓடவும் தயங்குவர். ஐம்பதின்மர் நடுவே ஓடுங்கால் அத்தயக்கம் குறையும். தாவணியோ சேலையோ சுடிதாரோ, உடுத்த உடையோடு நடந்து வரலாம் என்பதையும் முதல் நாளே அறிவித்தல் வேண்டும். இங்கு ஓட்டம் என்னும் பெயரில் நடையும் அடங்கும் என்க.

உடல்நலம் பற்றியும் சில கூறுவோம். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. ஒரு நாள் ஓட்டம் இதனை நிறைவு செய்யாது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்நோக்கி இருப்பவர் இடைநாள்களிலும் நடக்க முற்படுவர். இங்கிலாந்தின் பொது மருத்துவர் கழகம் 2018 முதல் பார்க்ரன் இயக்கத்தோடு இணைந்து, மருத்துவர்கள் தம் நோயாளரை அவ்வோட்டத்திற்கு வழிப்படுத்த ஊக்கி வருவதும் இது கருதியே. புதியவர் முதலில் சில வாரம் நடக்க. பின்னர் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடுக. அருகில் வருபவரோடு பேச இயலும் அளவே தக்க வேகம். மூச்சிரைத்துச் சொல் தடைப்படின் மெதுவாகுக. நெஞ்சு நோவும் தலைச்சுற்றலும் தோன்றின் உடனே நிற்க. இதயநோயும் நீரிழிவும் உடையார் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

மாணவத் தோழர்காள்! இதனைத் தொடங்க ஐவர் போதும் என்று மேலே கண்டோம். அவ்வைவரும் விரைந்து ஓட வல்லவராயிருத்தல் வேண்டுவதில்லை. வாரந்தவறாது வந்து நிற்பவராயிருத்தலே வேண்டும். முதல் ஞாயிறு பதின்மர் வரினும் குறையில்லை. புஷி பூங்காவில் ஓடினோர் பதின்மூவரே. விடுமுறையில் ஊர் திரும்பும் நாம் சக்கரத்தில் சுண்ணக்கோடு இட்டு அளக்கும் வேலையை முதலில் முடிப்போம். கடைசியில் நடப்பவர் யாரென்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்தல் நன்று. அப்பணிக்கு நம்முள் விரைந்தோடும் ஒருவரையே தேர்ந்தெடுப்போமாக.