கண்ணுக்குத் தெரியாத பின்தொடரல்

வீட்டுக்கடன் வட்டி விகிதத்தை ஓர் இணையதளத்தில் பார்க்கிறோம். சற்று நேரத்தில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், அங்கே கடன் விளம்பரம் காத்திருக்கிறது. இரு தளங்களுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பொருத்தப்பட்டிருந்தால், அந்த மூன்றாமவர் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறார்.

இதற்குப் பெரிதும் பயன்படும் ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மான்டுலி உருவாக்கினார். இணையக் கடையில் நாம் தேர்ந்தெடுத்த பொருள்களை, அடுத்த பக்கத்துக்குச் சென்ற பின்னும் மறவாதிருக்கச் செய்வதே அதன் நோக்கம். மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரை நினைவில் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் கடைத்தெரு முழுவதும் ஒருவர் நம் பின்னாலேயே நடந்து, எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றோம் என எழுதிக்கொண்டே வந்தால்? மூன்றாம் தரப்புக் குக்கி செய்வது அதுவே.

மின்னஞ்சலிலும் இத்தகைய கருவி உண்டு. ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமற்ற படம் அதில் பொதிந்திருக்கும். படங்கள் தாமாகவே திறக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், அஞ்சலை எப்போது திறந்தோம் என்பதை அனுப்பியவர் அறிந்துகொள்ள இயலும்.

குக்கியையாவது அழித்துவிடலாம், ‘உலாவிக் கைரேகை’ எனப்படும் முறையில் அழிப்பதற்கு எதுவுமே இல்லை. திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியுள்ள எழுத்துருக்கள் முதலியவற்றை ஒன்றுசேர்த்து, நம் கருவியைப் பல்லாயிரம் கருவிகளிலிருந்து பிரித்தறிகிறார்கள். கணினியில் நாம் விரும்பிச் சேர்த்த தமிழ் எழுத்துருவும் இதற்கு ஓர் அடையாளமாகலாம்! ‘மறைநிலைச் சாளரம்’ இங்கே அதிகம் உதவாது. நாம் பார்த்த தளங்களின் பட்டியல் நம் கருவியில் தங்காமல் அது பார்த்துக்கொள்ளும்; எதிர்முனையில் இருப்பவரிடமிருந்து நம்மை மறைக்காது.

விளம்பரம்தானே என்று இதனை ஒதுக்க நமக்கு மனமில்லை. அவசரக் கடன், அறுவைச் சிகிச்சைச் செலவு, நகை அடகு என ஒரே வாரத்தில் தேடியவரின் நெருக்கடி, அவர் யாரிடமும் சொல்லாமலே வெளிப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவில் மருந்து விலைச் சலுகை வழங்கும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவல்களை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2023-இல் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது.

உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை மட்டும் தடுத்து வைக்கலாம். எல்லாக் குக்கிகளையும் தடுத்தால் நெட்பேங்கிங்கில் உள்நுழைய இயலாமற் போகும். உள்நுழைந்தவர் நீங்களே என்பதை வங்கித் தளம் நினைவில் கொள்வதும் குக்கியால்தான். மின்னஞ்சலில் படங்கள் தாமாகத் திறப்பதை நிறுத்திவிடலாம். கைபேசிச் செயலிகளில் கூடுதல் கவனம் தேவை. கடன் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலையோ அழைப்புப் பதிவுகளையோ அணுகலாகாது என ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள் கூறின. அவற்றைக் கேட்கும் செயலிக்கு அனுமதி அளிக்காமல், அதனைக் கைபேசியிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள்.