தோணிப் பலகையில் பளபளப்பு நிலைக்க...

கேள்வி: திரேஸ்புரத்தில் இருக்கிறேன். உடைத்த பழைய தோணிகளின் பலகையை வாங்கி, ஒரு முழ நீளத்தில் தோணி பொம்மைகள் செய்து எனாமல் பூசுகிறேன். மினுமினுப்புக்காக மேலே என்.சி. லாக்கர் அடிக்கிறேன். அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. சில நாளில் வெள்ளை பூக்கிறது, அங்கங்கே சுருங்குகிறது. மழைக்காலம் வந்தால் கொப்புளமும் கிளம்புகிறது. தோணியை நடத்திச் செல்லும் தண்டலாக இருந்த என் அப்பா, "மீனெண்ணெயைத் தேய், போதும்" என்கிறார். பனிமய மாதா திருவிழாவில் கடை போட ஆசை. வழி சொல்லுங்கள்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அப்பா சொல்வது கடலில் ஓடும் தோணிக்குப் பொருந்தும். எண்ணெய் மரத்துக்குள் இறங்கித் தண்ணீரைத் தடுக்குமே தவிர, மேலே பளபளப்பைத் தராது. வரவேற்பறையில் வைக்கும் பொம்மையில் மீனெண்ணெய் வாடை அடித்தால் யார் வாங்குவார்கள்?

கொப்புளத்துக்குக் காரணம் உங்கள் பெயிண்ட் அல்ல, பலகைதான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன மரம் அது. பல வருடம் கடல்நீரைக் குடித்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் மரத்துக்குள் இருக்கும் உப்பும் அதையே செய்கிறது. அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சை மேலே தூக்குகிறது.

ஆகவே பலகையை முதலில் உருவத்துக்கு அறுத்துவிடுங்கள். துண்டு சிறிதானால் உப்பு சீக்கிரம் இறங்கும். ஆணி, துரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். குடிக்கிற தாமிரபரணித் தண்ணீர்தான் வேண்டும். ஊறிய நீரில் ஒரு சொட்டு, புதுத் தண்ணீரில் ஒரு சொட்டு என்று கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் காயவிடுங்கள். இரண்டின் தடமும் ஒன்றுபோல் ஆகும்வரை ஊறட்டும். பிறகு நிழலில் உலர்த்தி, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். சில நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது. காய்ந்த பலகையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உள்ளே இறங்காமல் முத்தாக உருண்டு நின்றால் அதில் எண்ணெய் ஏறியிருக்கிறது. மேல்பரப்பை இழைத்துத் தள்ளுங்கள். அப்படியும் உருண்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது லாக்கர். ஈரக்காற்றில் அடித்தால் அதிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகி, பரப்பைக் குளிரவைக்கும். காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பாலாடை போல வெளுக்கும். அதே தின்னர் கீழே இருக்கும் எனாமலையும் இளக்கிச் சுருக்கிவிடும். எனாமலுக்கு மேல் என்.சி. லாக்கர் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல எனாமலுக்குத் தன் பளபளப்பே போதும்.

பளபளப்பு கடைசிப் பூச்சில் பிறப்பதில்லை. அடியில் இருக்கும் பரப்பு எவ்வளவு சமமோ அவ்வளவுதான் மேலே மினுங்கும். மரத்தை 120, 180 உப்புத்தாளால் இழையின் போக்கிலேயே தேயுங்கள். வுட் பிரைமர் ஒரு கை. ஓட்டை, வெடிப்புகளில் பட்டி வைத்து, 220, 320 தாளால் சமப்படுத்தி, இன்னொரு கை பிரைமர். அதன்பின் எனாமலில் 5 முதல் 10 சதவீதம் மினரல் டர்பெண்டைன் கலந்து, மெல்லியதாக மூன்று கை பூசுங்கள். முத்துக்கு ஒளி வருவதும் மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால்தான். ஒரே கையில் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து, உள்ளே காயாமல் சுருங்கும்.

ஒவ்வொரு கைக்கும் நடுவே ஓர் இரவாவது காயவிட்டு, 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். தேய்த்த பிறகு பலரும் தின்னர் துணியால் துடைப்பார்கள். கடற்காற்றில் வந்து படியும் உப்பு தின்னரில் கரையாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு அடுத்த கை போடுங்கள்.

கடைசிக் கைக்குப் பின் இரண்டு வாரம் தொடாதீர்கள். டியூப்லைட்டின் பிம்பம் பரப்பில் நெளியாமல் நேராகத் தெரிந்தால் வேலை முடிந்தது. தூசி ஒட்டியிருந்தால் 1500, 2000 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகில் மெருகேற்றுங்கள்.

பாய்மரத்துக்கு வேறொரு வழியும் உண்டு. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் கடைசல்காரர்கள், சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். காயவைக்கும் வேலை இல்லாததால் ஈரக்காற்று அதைக் கெடுக்காது. உருண்டையாகக் கடையக்கூடிய உறுப்புகளுக்கு மட்டுமே இது ஆகும்.

குழந்தைகள் கையில் எடுப்பார்கள் என்பதால் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த விவரம் இல்லாத பெயிண்டைத் தொடாதீர்கள். அடுப்பு எரிகிற இடத்தில் தின்னரைத் திறக்கவும் வேண்டாம்.

திருவிழாவுக்குக் கொடி ஏறுவது ஜூலை 26, பெருவிழா ஆகஸ்ட் 5. ஆனி, ஆடியில் மேல்காற்று மண்ணை வாரி இறைக்கும். அப்போது பூசினால் தூசி முழுக்கப் பூச்சில்தான் விழும். எனவே மாசியில் பலகையை ஊறப்போடுங்கள். காலை 10 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள், காற்றை மறைத்த அறையில் மட்டும் பூசுங்கள். வைகாசிக்குள் கடைசிக் கையை முடித்துவிட்டால், கொடியேற்றத்தன்று துணிந்து கடையை விரிக்கலாம்.