நடுப்பிராயத்துச் சங்கல்பங்கள்: நம்பிக்கையும் உண்மையும்

மார்கழியிலும் தையிலும் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், பச்சை வேட்டியும் கழுத்தில் மாலையும் தோளில் ஒரு பையுமாக ஆழ்வார்திருநகரியைக் கடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டங்களுள், கடையையும் வயலையும் ஆபீசையும் நாலு நாள் பிறர் பொறுப்பில் விட்டு வந்த நாற்பது, ஐம்பது பிராயத்தினர் பலரைக் காணலாம். ஏறத்தாழ 60 கிலோமீட்டரை வெறுங்காலால் நடந்து முடிக்கும் இவர்களே, ஊர் திரும்பியபின், "தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர், அந்த வைராக்கியம் நமக்கு ஏது?" என்று சலித்துக்கொள்வதைக் கேட்கும்போது, நடுவயதுக்காரருக்கு மனவுறுதி போதாது என்ற நம்பிக்கையின் மேல் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது.

யாத்திரைக்கு நாள் குறித்தாகிவிட்டது, மாலை போட்ட அன்றே அது தெரு முழுதும் தெரிந்தாகிவிட்டது, இராத்தங்கல் எங்கே, அன்னதானம் எங்கே என்பதைக் குருசாமி முன்னரே சொல்லிவிட்டார், கால் கொப்பளித்து ஒருவர் உட்கார்ந்தால் "எழுந்திரும் ஓய்!" என்று கை கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. அன்றாட நடைக்கோ "நாளை முதல் பார்ப்போம்" என்பதைத் தவிர வேறு ஏற்பாடே கிடையாது. இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டவர்கள், வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட அதிகமாகக் காரியத்தை முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இங்கே குறைவது மனவுறுதியன்று, ஏற்பாடுதான்.

வருஷத்துக்கு ஒருதரம் இவ்வளவு தூரம் நடந்துவிட்டோமே, அது போதாதா என்பாரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த நெறியின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். யாத்திரையின் புண்ணியம் வருஷம் முழுதும் கூட வரலாம். அதன் தேகப் பயன் அப்படி வருவதில்லை.

ஒரு மண்டலம் விடாமல் செய்தால் பழக்கம் தானே படிந்துவிடும் என்பது நம்மவர் நம்பிக்கை. மேல்நாட்டார் அதையே 21 நாள் என்பார்கள். பின்னதற்கு மூலம், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை நிபுணர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றி 1960-ல் எழுதிய குறிப்பேயன்றி, முறையான சோதனை எதுவுமன்று. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சி, பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆவதையும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடுவதையும் கணித்தது. அதைவிட முக்கியமானது, நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பது. விரதத்தில் ஒரு நாள் பிசகினால் விரதமே முறிந்ததென்று எண்ணிப் பழகிய நாம், அதே கணக்கை நடைக்கும் போட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாளே எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறோம். நான் கண்ட அளவில் வயதைக் காட்டிலும் அதிகக் கேட்டை விளைவிப்பது இந்தக் கணக்குத்தான்.

நாற்பது தாண்டினால் சரீரம் சக்தியைச் செலவிடும் வேகமே சுணங்கிவிடும் என்பதும் பலர் சொல்லும் சமாதானம். 29 தேசங்களில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவைகளைத் தொகுத்து 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வோ, உடலளவின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், இருபதிலிருந்து அறுபது வரை அது பெரும்பாலும் மாறுவதில்லை என்று காட்டியது. மெல்ல மெல்லக் குறைவது தசை. அதையும் மீட்க வழியுண்டு: பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு பிராயத்தை ஒட்டிய சிலர் எட்டு வாரம் எடை தூக்கிப் பழகியபோது, அவர்களுடைய தொடைத் தசையின் வலு இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று என்பது 1990-ல் வெளிவந்த செய்தி. நாம் எடைக்கும் போக வேண்டியதில்லை. முழங்காலில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத்தரம் எழுந்து உட்கார்ந்து பார்த்தால், தொடை எவ்வளவு தளர்ந்திருக்கிறதென்பது ஏழாவது தரத்திலேயே தெரிந்துவிடும்.

தொழில் விஷயத்திலும் வயதைக் காரணம் காட்டும் இதே பேச்சுத்தான். திருக்கோளூரில் பிறந்து, வடதேசத்தில் கற்றுத் தேர்ந்து, வயதிலும் மூத்தவராயிருந்த மதுரகவிகள், தெற்கே தெரிந்த ஒரு ஜோதியை நோக்கி நடந்தே வந்து, ஆழ்வார்திருநகரிப் புளியடியில் அமர்ந்திருந்த பதினாறு பிராயத்து நம்மாழ்வாரைக் குருவாகக் கொண்டார் என்ற ஐதிகத்தை வருவோர்க்கெல்லாம் சொல்லி மகிழும் ஊரில், நாற்பத்தைந்து வயதுக் கடைக்காரர் ஒருவர், "கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்குப் போட இனிமேலா கற்பது?" என்று கேட்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. "இந்த வருஷம் கற்றுவிட வேண்டும்" என்பதை விட்டு, "செவ்வாயும் வியாழனும் கடை திறக்குமுன் ஒரு மணி நேரம்" என்று வைத்துக்கொண்டால் போதும். யாரிடம் கற்பது என்ற கேள்விக்கு, மகன் வயதுப் பையனாயிருந்தாலும் குற்றமில்லை என்பதே மதுரகவிகள் சரித்திரம் தரும் விடை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நெடுநாள் உட்கார்ந்தே இருந்தவர்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், நடக்கையில் மார்பு இறுகுவதாக உணர்பவர்களும், நாள் பார்த்துத் தொடங்குமுன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநடை போய் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.